சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கு எந்தக் கல் வாங்கலாம்: கறுப்பா, தேன் நிறமா, அறுத்த அகேட்டா?

பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஒரு மான் வேட்டைப் பருவம் தொடங்கும். துப்பாக்கி என்று எடுத்தால் அதில் சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கு மட்டும்தான் அனுமதி. 1974இல் ஆரம்பித்தது, இன்றும் நடக்கிறது. அந்தப் பருவம் நெருங்கும்போது கடைகளில் கல் விற்பனை சூடுபிடிக்கும், கூடவே பழைய சண்டையும் கிளம்பும்: இங்கிலாந்துக் கறுப்புக் கல்தான் கல் என்று ஒருவர், பிரெஞ்சுக் கல்லுக்கு முன் அது நிற்குமா என்று இன்னொருவர், இரண்டும் வேண்டாம், அறுத்த அகேட் வாங்கினால் பருவம் முழுக்க ஒரே கல் போதும் என்று மூன்றாமவர். ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து ஆசையாக ரைஃபிள் வாங்கியவர், சில டாலர் பெறும் கல் விஷயத்தில் குழம்பி நிற்பார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறத்தைப் பற்றிய சண்டையில் முக்கால்வாசி வெறும் சத்தம். கல் உங்கள் லாக்குக்கு (கல்லை எஃகில் மோதவைத்துப் பொறி எழுப்பும் இயந்திரப் பகுதி அது) சரியான அளவா, அது மோதும் எஃகு சரியான கடினத்தில் இருக்கிறதா, இந்த இரண்டும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. எந்த ஊர்க் கல் என்பது அதற்கு அப்புறம்தான். ஆனாலும் வகைக்கு வகை வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது, எதை எதற்கு வாங்குவது என்று முடிவெடுக்க அது தெரிந்திருக்க வேண்டும்.

பொறி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். பலரும் நினைப்பதுபோல் பொறி கல்லில் இருந்து வருவதில்லை. விசையை இழுத்ததும், இரண்டு தாடைகளால் கல்லைக் கவ்வியிருக்கும் காக் என்ற சுத்தியல் பாய்ந்து வந்து ஃபிரிசன் என்ற எஃகுப் பலகையின் மேல்பாதியில் மோதுகிறது. மோதிய வேகத்தில் கல்லின் விளிம்பு அந்த எஃகை, துருவுபலகை தேங்காயைத் துருவுகிற மாதிரி, மேலிருந்து கீழாகச் சுரண்டிக்கொண்டே வரும். சுரண்டலில் உதிரும் நுண்ணிய எஃகுத் துணுக்குகள் உராய்வில் சூடேறி, காற்று பட்டதும் எரிகின்றன. நாம் பார்க்கும் பொறி அதுதான். அதே நொடியில் ஃபிரிசன் முன்பக்கம் சாய்ந்து, அதன் கீழே மூடியிருந்த வெடிமருந்துக் கிண்ணம் திறந்துகொள்ள, பொறி உள்ளே விழுகிறது. ஆகவே கல்லின் வேலை எஃகைச் சீவுவது. அதற்கு எஃகை விடக் கடினமாக இருக்க வேண்டும், விளிம்பு கூராகவும் நேராகவும் இருக்க வேண்டும், ஒரே அடியில் நொறுங்கிவிடக் கூடாது. சிக்கிமுக்கிக் கல், செர்ட், அகேட், ஜாஸ்பர் எல்லாமே நுண்படிகக் குவார்ட்ஸ் குடும்பம்தான், கடினம் மோஸ் அளவில் ஏறத்தாழ 7. வித்தியாசம் எல்லாம் உடையும் விதத்திலும், விளிம்பு எவ்வளவு நேரம் தாங்கும் என்பதிலும்தான்.

இங்கிலாந்துக் கறுப்புக் கல் என்றால் சஃபோக் பக்கம் உள்ள பிராண்டன்தான். சுண்ணாம்புப் பாறைக்குள் அடுக்கடுக்காகக் கிடக்கும் கல், அதில் அடியில் உள்ள அடுக்குக்குத்தான் மதிப்பு: கறுப்பாக, உள்ளே புள்ளி திட்டு எதுவும் இல்லாமல் கண்ணாடிபோல உடையும். பக்கத்திலேயே கிரைம்ஸ் கிரேவ்ஸ் இருக்கிறது, நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே மனிதர்கள் குழி தோண்டி இதே கல்லை எடுத்த இடம். நெப்போலியன் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவத்துக்குப் பெருமளவில் கல் போனது பிராண்டனில் இருந்துதான். நம் ஊர் வரலாற்றில் வரும் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்கள் தூக்கித் திரிந்த மஸ்கெட் என்ற நீண்ட துப்பாக்கிக்கு இந்தியா பேட்டர்ன் என்றே பெயர். கம்பெனிக்காகச் செய்த எளிய வடிவம் அது, 1790களில் பிரிட்டிஷ் ராணுவமே அதைத் தனக்கும் எடுத்துக்கொண்டது. 1840களில் ராணுவம் கல்லுக்குப் பதில் சின்ன வெடிமூடியை அடித்துச் சுடும் கேப் முறைக்கு மாறிய பிறகும் பிராண்டன் கடையை மூடவில்லை, ஆப்பிரிக்க வணிகத்துக்குக் கல் உடைத்துக்கொண்டே இருந்தார்கள். அந்தத் தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டுச் செத்தவர்களும் அங்கே ஏராளம். இதை ஏன் சொல்கிறேன் என்பது கீழே, சொந்தமாகக் கல் உடைக்கிறேன் என்று கிளம்புபவர்களுக்கான பத்தியில் வரும்.

இன்று அமெரிக்காவில் சுலபமாகக் கிடைப்பது இந்தக் கறுப்புக் கல்தான். டென்னசியின் யூனியன் சிட்டியில் இருக்கும் டிக்ஸி கன் வொர்க்ஸ், மினசோட்டாவின் டிராக் ஆஃப் தி வுல்ஃப் மாதிரிக் கடைகளில் அளவு அளவாகப் பிரித்து விற்கிறார்கள். இதன் பலம், கையால் உடைத்த விளிம்பு கூராக வரும், மழுங்கினால் மெல்லத் தட்டிப் புது விளிம்பு எடுக்கலாம். பலவீனம், ஒரு கல் போல இன்னொரு கல் இருக்காது. ஒரு டஜன் வாங்கினால் அதில் சில அழகாகத் தட்டையாக, சில முதுகில் திமிலோடு, ஒன்றிரண்டு விளிம்பு கோணலாக வரும். ஆயுளைப் பொறுத்தவரை இருபது வேட்டில் முடிந்த கல்லும் உண்டு, ஐம்பதைத் தாண்டிய கல்லும் உண்டு, அது கல்லை விட லாக்கின் ஸ்பிரிங்கையும் கோணத்தையும் பொறுத்தது.

பிரெஞ்சுக் கல் தேன் நிறத்தில், ஓரத்தில் வெளிச்சம் ஊடுருவும்படி இருக்கும். ஷேர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மேன் என்ற சின்ன ஊரும் அதைச் சுற்றிய கிராமங்களும்தான் இதன் பூர்வீகம், அங்கே இந்தக் கல்லுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. நீளமான பட்டையாக உரித்து அதைத் துண்டுதுண்டாக முறிக்கும் முறையில் தேர்ந்தவர்கள் இவர்கள்தான். அதற்கு முன் ஒரு செதில் எடுத்தால் ஒரு கல்தான், பட்டை முறையில் ஒரே பட்டையில் பல கற்கள், எல்லாம் ஏறத்தாழ ஒரே கனத்தில். 18ஆம் நூற்றாண்டின் அமெரிக்கக் கோட்டைகளையும் குடியிருப்புகளையும் தோண்டும்போது பிரெஞ்சுக் கல்தான் அதிகம் கிடைக்கிறது, பிரிட்டிஷ் கல் தலைதூக்குவது அந்த நூற்றாண்டின் கடைசியில்தான். அதனால் 1776 காலத்து அமெரிக்க விடுதலைப் போரை நடித்துக் காட்டுகிறவர்கள், கையில் இருப்பது பிரௌன் பெஸ் என்ற பிரிட்டிஷ் மஸ்கெட்டாக இருந்தாலும் தாடையில் தேன் நிறக் கல் இருப்பதைத் தவறென்று நினைக்க வேண்டியதில்லை.

வேலை எப்படி? விளிம்பு சற்று அதிக நேரம் தாங்குகிறது என்று சொல்பவர்கள் நிறைய, நானும் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்பவன்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டுமா என்றால், இலக்குச் சுடுபவருக்குப் பரவாயில்லை, ஆண்டுக்கு ஒரு பருவம் மட்டும் காட்டுக்குப் போகிறவருக்குத் தேவையில்லை. கடையில் இருக்கும்போது இருக்கும், இல்லாதபோது மாதக்கணக்கில் இருக்காது. அதை நம்பி லாக்கைச் சரிசெய்து வைத்தால் பிறகு தவிக்க வேண்டிவரும்.

அமெரிக்கச் செர்ட்டை நம் ஆட்கள் அநியாயத்துக்கு மட்டம் தட்டுகிறார்கள். மிசூரியிலும் டெக்சாசிலும் கிடைக்கும் நல்ல செர்ட் கறுப்புக் கல்லுக்குக் கிட்டத்தட்டச் சமமாகப் பொறி தரும். சிக்கல் கல்லில் இல்லை, உடைப்பவரிடம்தான். பிராண்டனில் தலைமுறை தலைமுறையாக அதையே செய்தவர்கள் இருந்தார்கள், இங்கே பெரும்பாலும் பொழுதுபோக்காகச் செய்பவர்கள். ஒருவர் உடைப்பது அருமையாக இருக்கும், அடுத்தவர் உடைப்பது பாறாங்கல் சில்லு மாதிரி இருக்கும். கண்காட்சியில் நேரில் பார்த்துப் பொறுக்க முடிந்தால் வாங்குங்கள், கறுப்புக் கல்லை விட மலிவாகவே முடியலாம். கண்ணால் பார்க்காமல் தபாலில் வரவழைக்க நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் அகேட். வைர ரம்பத்தால் அறுத்து, சாணை பிடித்து, எல்லாம் ஒரே அச்சில் வரும். ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் அகேட் வேலைக்குப் பெயர்போன ஊர், ஐரோப்பாவில் இலக்குச் சுடும் ஆட்கள் இதை விரும்புவது ஆச்சரியமில்லை. தொழிற்சாலைத் துப்பாக்கிகள் சில தாடையில் அறுத்த அகேட்டோடுதான் வந்தன, முதல்முறை வாங்கியவர்கள் பலர் சிக்கிமுக்கி என்றாலே இதுதான் என்று நினைத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். அளவு துல்லியம், தாடையில் ஆடாமல் உட்காரும், வலுவான லாக்கில் நீண்ட நாள் உழைக்கும். ஒவ்வொரு வேட்டும் முந்தையது மாதிரியே வர வேண்டும் என்பவருக்கு இது பெரிய விஷயம். மறுபக்கம், அறுத்த விளிம்பு உடைத்த விளிம்பு அளவுக்குக் கூர் கிடையாது. மழுங்கிவிட்டால் தட்டிச் சரிசெய்வதும் கடினம், வைரச் சாணை இருந்தால்தான் வேலை நடக்கும், காட்டில் அதற்கு எங்கே போவது? ஸ்பிரிங் பலவீனமான லாக்கில் அகேட் போட்டால் இரண்டு மூன்று சோம்பேறிப் பொறியோடு நின்றுவிடும். ஃபிரிசனைச் சீக்கிரம் தின்றுவிடும் என்ற புகாரும் உண்டு, மென்மையான ஃபிரிசனில் அதை நம்பலாம்.

சட்டத்தையும் ஒரு வரி பார்த்துவிடலாம். பென்சில்வேனிய விதியில், இயற்கையாகக் கிடைக்கும் கல் ஸ்பிரிங் விசையில் இரும்பு அல்லது எஃகு ஃபிரிசனில் மோத வேண்டும் என்று இருக்கிறது. அகேட் அறுத்ததாக இருந்தாலும் இயற்கைக் கல்தான். சிகரெட் லைட்டரில் இருக்கும் செயற்கைக் கல் மாதிரி எதையாவது பொருத்தலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம், பேச்சை விடுங்கள்.

அளவுக்கு வருவோம், இங்கேதான் காசு வீணாவதும் மிச்சமாவதும். துப்பாக்கியின் பெயரைச் சொல்லிக் கல் கேட்காதீர்கள், ஸ்கேலை எடுத்து ஃபிரிசனின் முகத்தை அளந்து பாருங்கள். கல்லின் அகலம் அந்த முகத்தின் அகலத்துக்குச் சமமாகவோ ஒரு மயிரிழை குறைவாகவோ இருக்க வேண்டும். அகலம் கூடினால் ஒரு பக்கம் குழலின் பக்கவாட்டில் உரசிக் கீறும், ரொம்பக் குறைந்தால் ஃபிரிசனில் ஒரு பகுதி மட்டும் பள்ளமாகத் தேயும். நீளத்துக்கு, தோலில் சுற்றித் தாடையில் வைத்து, காக்கைப் பாதி இழுப்பில் நிறுத்தி, ஃபிரிசனை மூடிப் பாருங்கள். விளிம்புக்கும் எஃகுக்கும் நடுவே 1/16 அங்குலம் போல இடைவெளி இருந்தால் சரி. தொட்டுக்கொண்டு நின்றால் கல் நீளம். விரல் நுழைகிற இடைவெளி என்றால் கட்டை, பின்னால் தோலை மடித்து வைத்து முன்னே தள்ளலாம். பொதுவாகச் சைலர் என்ற பெயரில் வரும் லாக்குகளில் சிறியதற்கு 5/8 அங்குலமும், பெரியதற்கு 3/4 அங்குலமும், பிரௌன் பெஸ், சார்லெவில் போன்ற மஸ்கெட்டுகளுக்கு 1 அங்குலமோ சற்று மேலேயோ ஓடும். ஆனாலும் அளந்த பிறகுதான் ஆர்டர் போட வேண்டும், ஒரே பெயரில் வரும் லாக்குகளிலேயே ஃபிரிசன் மாறுவது உண்டு.

கல்லைக் கையில் வாங்கியதும் கவனிக்க வேண்டியவை மூன்று. அடிப்பக்கம் தட்டையா என்று மேசையில் வைத்து விரலால் அழுத்திப் பாருங்கள், ஆடினால் தாடையிலும் ஆடும். முதுகில் திமில் இருந்தால் மேல்தாடை அதன் உச்சியை மட்டும் கவ்வும், நாலு வேட்டில் கல் திரும்பிவிடும். விளிம்பில் வெள்ளைச் சுண்ணாம்புத் தோலோ சாம்பல் நிறத் திட்டோ இருந்தால் அந்த இடம் முதலில் உதிரும். பின்பக்கம் அப்படி இருந்தால் கவலையே படாதீர்கள்.

சுற்றுவதற்குத் தோலா ஈயமா என்பது இன்னொரு வாக்குவாதம். ரைஃபிளுக்குத் தோல் போதும், மேல் திருகு போகும் இடத்தில் ஒரு சின்னத் துளை அல்லது வெட்டு விட்டு மடித்தால் கல் பின்னால் நன்றாகப் போய் உட்காரும். ஈயத் தகடு மஸ்கெட்டுக்குச் சரி, கனமான காக்குக்கு அது பொருட்டே இல்லை. மெல்லிய காக்கில் ஈயத்தின் எடை சேர்ந்தால் ஒவ்வொரு அடியிலும் காக்குக்கு வீண் அதிர்ச்சி என்று லாக் செய்பவர்கள் பலரும் வேண்டாம் என்பார்கள், நானும் அவர்கள் கட்சி.

கல் விளிம்பின் சாய்வான பக்கம் மேலே இருக்க வேண்டுமா கீழே இருக்க வேண்டுமா என்பதற்கு லாக்தான் பதில் சொல்லும். கல்லைத் திருப்பினால் ஃபிரிசனில் அது மோதும் உயரமும் கோணமும் மாறும், இரண்டு விதமாகவும் வைத்துப் பாருங்கள். குழலில் மருந்து இல்லை, கிண்ணத்திலும் இல்லை என்று உறுதிசெய்துவிட்டு, குழலைப் பத்திரமான பக்கம் காட்டி, விளக்கை அணைத்த அறையில் விசையை இழுங்கள். வெள்ளையாகப் பளிச்சென்று, கிண்ணத்துக்குள் விழுந்தும் ஒரு கணம் எரிந்துகொண்டிருக்கும் பொறி வேண்டும். சிவப்பாக, பாதி வழியிலேயே அணைகிற பொறி என்றால் எங்கோ கோளாறு. பொறி நிறைய வந்தும் கிண்ணத்துக்கு வெளியே கொட்டினால் கல் நன்றாகத்தான் இருக்கிறது, அது மோதும் இடம்தான் தப்பு.

நல்ல கல், நல்ல விளிம்பு, இடைவெளி சரி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாயிற்று, இன்னும் மந்தமான பொறிதான் வருகிறது என்றால் கல்லைத் திட்டுவதை நிறுத்திவிட்டு ஃபிரிசனைப் பாருங்கள். அதன் முகத்தில் ஆழமான கோடுகள் உழுத மாதிரி இருந்தால் எஃகு மென்மை. மூலையில், பொறி விழாத இடத்தில், ஒரு அரத்தை லேசாக ஓட்டினால் தெரியும்: வழுக்கினால் கடினம், கடித்தால் மென்மை. இந்தியாவில் தயாராகி இங்கே மலிவு விலைக்கு வரும் பிரௌன் பெஸ் நகல்களில் இந்தத் தொல்லை அடிக்கடி வருகிறது, வாங்கியவர்கள் டஜன் டஜனாகக் கல் மாற்றிச் சலித்துப்போவார்கள். ஃபிரிசனை விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து மறுபடி கடினமாக்குவதோ, முகத்தில் மெல்லிய நல்ல எஃகுத் தகடு ஒட்டுவதோதான் தீர்வு. அதற்கு ஆகும் செலவு இரண்டு டஜன் பிரெஞ்சுக் கல்லை விட அதிகமாக இருக்கலாம், ஆனால் அதோடு வேலை முடிந்தது. எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு: அளவுக்கு மீறிக் கடினமான ஃபிரிசனில் கல் விளிம்பு நொறுங்கும், பொறி வராது, முகத்தில் ஒரு கீறல்கூட இருக்காது.

தானே பொறுக்கித் தானே உடைக்கலாமா? செய்யலாம், ஆனால் இடம் பார்த்துச் செய்யுங்கள். பென்சில்வேனியாவின் லீஹை மாவட்டத்தில் வேரா குரூஸ் ஜாஸ்பர் குழிகள் பழங்குடியினர் தோண்டிய பழைய இடம், இப்போது பாதுகாக்கப்பட்ட பூங்கா. ஒஹையோவின் ஃபிளின்ட் ரிட்ஜும் அப்படித்தான், அங்கே கை வைக்கக் கூடாது. அதன் அருகே கட்டணம் வாங்கிக்கொண்டு தோண்ட விடும் தனியார் நிலம் இருக்கிறது, அங்கே போங்கள். அம்புமுனை செய்பவர்களுக்காக விற்கும் கல்லை வாங்கும்போது தீயில் வாட்டியதா என்று கேளுங்கள். வாட்டினால் உரிப்பது சுலபம், ஆனால் கல் நொறுங்கும் தன்மை கூடிவிடும், துப்பாக்கித் தாடைக்கு ஆகாது. எரிமலைக் கண்ணாடியான அப்சிடியனைத் தொடவே வேண்டாம். உடைப்பது திறந்த வெளியில், கண்ணாடியும் நல்ல முகமூடியும் போட்டுக்கொண்டு. பிராண்டன்காரர்களைக் கொன்றது இந்தத் தூசிதான்.

சரி, எதை வாங்குவது? காட்டுக்குப் போகிறவர் என்றால் அளந்த அளவில் கறுப்புக் கல் அரை டஜன், கிடைத்தால் கூடவே இரண்டு பிரெஞ்சுக் கல், இருட்டறையில் எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, எது உங்கள் லாக்குக்கு ஒத்துப்போகிறதோ அதை டஜனாக வாங்கிக்கொள்ளுங்கள். மேசை போட்டு இலக்குச் சுடுகிறவர், லாக் வலுவாகவும் ஃபிரிசன் கடினமாகவும் இருந்தால் அகேட் ஒன்றிரண்டு வைத்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை. நடித்துக் காட்டும் படையில் இருப்பவர் தன் காலத்துக்குப் பொருந்தும் நிறத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும். பதினெட்டாம் நூற்றாண்டு வேஷம் போட்டுக்கொண்டு ரம்பத்தில் அறுத்த அகேட்டோடு வந்து நின்றால் பக்கத்தில் நிற்பவரே சிரிப்பார்.

பருவத்துக்குக் கிளம்பும்போது பையில் ஏற்கெனவே தோல் சுற்றி, பொறி பார்த்து வைத்த இரண்டு கல், திருகைத் திருப்ப ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர், விளிம்பைத் தட்ட ஒரு பித்தளைத் துண்டு, ஃபிரிசனையும் கல்லையும் துடைக்க உலர்ந்த துணி இருந்தால் போதும். விளிம்பைத் தட்டுவதானால் துப்பாக்கியில் மருந்து ஏற்றுவதற்கு முன்பே தட்டிவிடுங்கள். ஏற்றிய துப்பாக்கியில் கல் மழுங்கிவிட்டது என்று தோன்றினால், கிண்ணத்தைக் காலிசெய்து, குழலில் உள்ளதைப் பத்திரமாக வெளியேற்றிய பிறகுதான் தாடையைத் தளர்த்த வேண்டும். நல்ல கல்லுக்கு ஒரு பொறி போதும், குழலின் துளைக்கு அந்தப் பக்கம் மருந்து காத்துக்கொண்டிருக்கிறது.